எண்பத்து நான்கு கல்லும் ஒரு நாற்காலியும்

என் அக்காவின் கணவரிடம் ஒரு குறை உண்டு. குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார், யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் குடும்பத்தில் நாலு பேர் உட்கார்ந்து பேசித் தீர்த்திருப்போம். அவருக்கு இருப்பது வேறு வியாதி. யாராவது பேசினால், கேட்பார்.

கேட்பார் என்றால் நீங்களும் நானும் கேட்கிற மாதிரி இல்லை. நாம் ஒரு காதில் வாங்கிக்கொண்டே செல்போனைப் பார்ப்போம், பல் குத்துவோம், மனசுக்குள் வேறு எதையோ ஓட்டிக்கொண்டிருப்போம். மச்சானுக்கு அதெல்லாம் வராது. எதிராளி வாயைத் திறந்ததும் இவர் கை நின்றுவிடும். கண் போய்ப் பேசுகிறவர் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். எந்த இடத்தில் சொல்ல வேண்டுமோ சரியாக அந்த இடத்தில் 'உம்' என்பார். அந்த 'உம்'மை ஒரு தடவை கேட்டவர்கள், இன்னொரு தடவை கேட்பதற்காகவே தங்கள் வீட்டு ரகசியத்தையெல்லாம் கிளறிக் கொட்டுவார்கள்.

பதினெட்டு வயதில் அவரை ஒரு சலூனில் சேர்த்துவிட்டார்கள். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிற மனிதர் உலகத்தில் உண்டா? முதல் வாரமே ஒருவர் தன் மருமகன் வீட்டைவிட்டு ஓடிப்போன கதையை எடுத்தார். மச்சான் கத்தரியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார். மருமகன் மூன்று ஊர் சுற்றி, வேலை தேடி, காய்ச்சலில் விழுந்து, திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிறவரைக்கும் கத்தரி இறங்கவில்லை. பெஞ்சில் காத்திருந்த நாலு பேரும் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். கதை சொன்னவரும் நேரமாகிவிட்டதென்று பாதித் தலையோடு எழுந்து போனார். "உனக்குக் கை நல்லாத்தான் இருக்கு தம்பி. காதுதான் வேலைக்கு ஆகாது" என்று முதலாளி அன்றைக்கே அனுப்பிவைத்தார்.

அக்கா அவரைக் கட்டிக்கொண்டதும் இந்தக் காதுக்காகத்தான். அக்கா பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம். ஓடாமல் நின்றவர் இவர் ஒருவர்தான். கல்யாணமான முதல் மாதத்தில் மச்சான் ஆறு கிலோ இளைத்துப்போனார். என்னவென்று பார்த்தால், சாப்பாட்டு நேரத்தில் அக்கா பேசியிருக்கிறாள். இவர் எடுத்த கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு உம் கொட்டியிருக்கிறார். இப்போதெல்லாம் தட்டு வைத்தவுடன் அக்கா வாயை மூடிக்கொள்கிறாள். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே தியாகம் அது.

சலூனுக்கு அப்புறம்தான் டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு வந்தார். இந்தத் தொழிலில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. தரை போடுகிறவனிடம் யாரும் பேசமாட்டார்கள். அவன் முகமே யாருக்கும் தெரியாது, முதுகுதான் தெரியும். வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று அந்த முதுகைப் பார்த்து "எப்ப முடியும்?" என்பார்கள். அதையெல்லாம் பேச்சு என்று சொல்ல முடியாது. ஆகவே மச்சானின் கை நிற்கவேண்டிய அவசியமே வரவில்லை. பதினோரு வருஷம், ஒரு புகார் கிடையாது. அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும். எங்களுக்கு வேலை பிடித்துக்கொடுக்கும் டைல்ஸ் கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை மாட்டியிருப்பார்கள். கடை நம்பி அனுப்புகிற ஆட்களின் பெயர் அதில் இருக்கும். மச்சானின் பெயர் நான்காவது. அந்தப் பலகையில் பெயர் இருந்தால்தான் வேலை வரும். இல்லையென்றால் தெருத்தெருவாகப் போய் "தரை ஏதாவது உடைஞ்சிருக்கா" என்று கேட்க வேண்டியதுதான்.

அவருடன் எனக்கு இரண்டு வேலை. ஒன்று, டைல்ஸ் கல் அறுப்பது. இரண்டாவது, யாரும் உள்ளே போய் அவரிடம் பேசாமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவதுதான் பெரிய வேலை என்பது கடைக்காரருக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். "டேய், நீ கல்லைக் கோணலா அறுத்தாக்கூடப் பரவாயில்ல. அவரு பக்கத்துல ஆளை மட்டும் விட்டுடாத" என்று வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் சொல்வாள். நானும் பதினோரு வருஷமாக வாசலில் நின்று "தூசிங்க, நெஞ்சுக்கு ஆகாது, அந்தப் பக்கம் இருங்க" என்று ஊராரை விரட்டியிருக்கிறேன். ஒரே ஒரு வீட்டில் கோட்டைவிட்டேன்.

பழைய வீடு அது. சமையலறையின் பின்சுவரை உடைத்து, வாசல் வைத்து, பின்னால் புதிதாக ஒரு பெரிய அறையும் குளியலறையும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்காரருக்கு ஒரு போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் மேற்பார்வை வேலை. ஊர்க்காரர்கள் போனில் திட்டுவதை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற மனிதர். வீட்டில் ஒரு ஸ்பூன் கீழே விழுந்தாலும் அவருக்குத் தலை வலிக்கும். அவர் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். வீட்டில் பகல் முழுக்க இருப்பது அவருடைய அம்மா மட்டும். பின்னறை அந்த அம்மாவுக்காகத்தான்.

அந்த அம்மா முப்பது வருஷம் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுத்தவர். பெயர் என்ன, வயசு என்ன, உடம்புக்கு என்ன பண்ணுது, அடுத்த ஆள். முப்பது வருஷக் கூட்டமும் வந்து அவரிடம் எதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. திருப்பிச் சொல்ல அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. ரிடையராகி வீட்டுக்கு வந்தால், சொல்ல ஆள் இல்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வீட்டு வேலையையே வேண்டாமென்று சொல்லியிருப்பேன்.

முதல் நாள் அவர் எனக்குக் கொல்லையில் ஒரு மரத்தடியைக் காட்டினார். கட்டர் மெஷினுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தார். டீ கொடுத்தார். அதன்பின் என்னைத் தொந்தரவே செய்யவில்லை. நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். குளியலறைக்கு அறுக்கவேண்டிய கல் நிறைய. மெஷின் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது. இரண்டு தடவை எழுந்து பார்த்தேன், ஆளைக் காணோம். சரி, உள்ளே படுத்திருப்பார் என்று விட்டுவிட்டேன். நிழலும் டீயும் கிடைத்த மயக்கத்தில் என் பெரிய வேலையை நான் மறந்தேபோனேன்.

அவர் படுத்திருக்கவில்லை. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறையில் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து நாளும்.

ஒட்டுகிற பசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தரையில் பரப்பி, பல் வைத்த கரண்டியால் சீப்பு வாருகிற மாதிரி வரி வரியாக வார வேண்டும். அதன்மேல் கல்லை வைத்து அழுத்தி, ரப்பர் சுத்தியலால் தட்டினால் வரிகள் நசுங்கிக் கல்லின் முதுகு முழுக்கப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வாரிய இருபது நிமிஷத்துக்குள் கல்லை வைத்துவிட வேண்டும். தாண்டினால் பசையின் மேல் ஏடு கட்டிவிடும். அப்புறம் வைக்கிற கல், மேலே பார்க்க ராஜா மாதிரி இருக்கும். அடியில் ஒன்றும் இருக்காது. தட்டினால் 'டொப்' என்று காலியாகச் சத்தம் வரும்.

மூன்று வாரம் கழித்துக் கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். கட்டில் கால் பட்ட கல் மூலையில் படீரென்று உடைந்தது. வீட்டுக்காரர் கடைக்குப் போன் செய்தார். கடைக்காரர் எங்களைக் கூப்பிட்டு, நாளைக்குச் சோதனை ஆள் வருவார், பத்துக்கு ஒன்றுக்கு மேல் காலிக் கல் இருந்தால் பலகையில் உன் பெயர் இருக்காது என்று மச்சானிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் மச்சானைப் பிடித்துக்கொண்டேன்.

"மச்சான், உண்மையச் சொல்லுங்க. யாரு பேசினது?"

"அந்தம்மாதான்."

"எவ்வளவு நேரம்?"

"அவங்க பேசி முடிக்கிற வரைக்கும்."

"பசையை வாரி வெச்சுட்டுமா?"

"பசையை வாரும்போதுதான்டா ஆரம்பிப்பாங்க. எனக்கு வேர்க்குதுன்னு ஃபேன் வேற கொண்டுவந்து வெச்சாங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். ஃபேன் காற்றில் அந்தப் பசை பத்து நிமிஷம்கூடத் தாங்காது. அந்த அம்மாவின் அன்பு முழுக்கப் பசையைத்தான் காயவைத்திருக்கிறது.

"சரி, நாளைக்கு அதைச் சொல்லிடுங்க. அவங்கதான் பேசிப் பேசி வேலையக் கெடுத்தாங்கன்னு."

"எப்படிடா சொல்றது? என்ன பேசினாங்கன்னு அவங்க பையன் கேப்பாரு. அவங்க என்கிட்ட சொன்னது எதுவும் அந்த வீட்டுல யாருக்கும் தெரியாது."

"உங்க பேரு போயிடும் மச்சான்!"

அவர் சொன்னார். "பதினோரு வருஷத்துல எத்தனை வீடு போட்டிருப்போம்? அந்தம்மா ஒருத்தங்கதான் என் மூஞ்சியப் பாத்துப் பேசினாங்க. சந்தோஷமா இருந்துச்சுடா."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. கோபத்தை மட்டும் காட்டினேன்.

மறுநாள் சோதனை ஆள் வந்தார். நுனியில் பித்தளைக் குண்டு வைத்த ஒரு கம்பும், காதில் சொருகிய சாக்பீஸும்தான் அவருடைய ஆயுதங்கள். புதுத் தரைக்கு மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டைவிரல் எட்டிப்பார்க்கும் சாக்ஸோடு உள்ளே நுழைந்தார். வீட்டுக்காரர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மா வழக்கமான நாற்காலியில், வாசல் பக்கம். மச்சான் சுவரோரம். நான் அவருக்குப் பக்கத்தில், வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு.

டொக். டொக். டொக். டொப். அந்த ஆள் சாக்பீஸை எடுத்து ஒரு பெருக்கல் குறி போட்டார். டொக். டொப். டொப். ஒவ்வொரு குறிக்கும் வீட்டுக்காரர் மூச்சை இழுத்து விட்டார். எண்பத்து நான்கு கல்லையும் தட்டி முடித்தபோது முப்பத்தொரு குறி விழுந்திருந்தது.

குறிகளை நான் பார்த்தேன். எல்லாம் சிதறிக் கிடக்கவில்லை. ஜன்னல் பக்கம் ஒரு கும்பல், நடுவில் ஒரு கும்பல், சமையலறை வாசலில் ஒரு கும்பல், குளியலறைக் கதவுப் பக்கம் ஒரு கும்பல். அந்த அம்மா நாள்தோறும் நாற்காலியை எங்கெங்கே நகர்த்திப் போட்டார் என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளலாம்.

சோதனை ஆள் உடைந்த கல்லைக் கம்பியால் நெம்பித் தூக்கினார். அதன் முதுகு கழுவிவைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. தரையில் பசை வாரின வரிகள் வாரினபடியே விறைத்து நின்றன.

"பாத்தீங்களா, கல்லு உக்காரவே இல்ல. பசை காஞ்சப்புறம் வெச்சிருக்காங்க. இருபது நிமிஷத்துல வெக்க வேண்டியது. இதுக்கு முப்பது, நாப்பது நிமிஷமாவது ஆயிருக்கும்."

வீட்டுக்காரர் மச்சானைப் பார்த்தார். "நாப்பது நிமிஷம் என்னய்யா பண்ணிட்டு இருந்த?"

"சும்மா இருந்தேன் சார்."

பதினோரு வருஷம் முழங்கால் தேய உழைத்த மனுஷன், தான் சும்மா இருந்ததாகத் தன் வாயாலேயே சொல்கிறார். நான் வாயைத் திறந்தேன். அவர் என் காலை மிதித்தார்.

"சும்மா இருந்தியா? சும்மா இருக்குறதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டோமா?" என்றார் வீட்டுக்காரர். சோதனை ஆள் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். காரணம் என்று போட்டு நாலு கட்டம் இருந்தது. பசையின் தரம், கல்லின் தரம், கைவேலை, வாடிக்கையாளர் குறுக்கீடு. பேனா நேராகப் போய்க் கைவேலைக்கு மேல் நின்றது.

"அந்தாளு சும்மா இருக்கல" என்று அந்த அம்மா சொன்னார்.

எல்லோரும் திரும்பினோம். அவர் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார்.

"நான் பேசிட்டு இருந்தேன். அவரு கேட்டுட்டு இருந்தாரு. அஞ்சு நாளும்."

"அம்மா, நீ எதுக்கு இதுல..."

"நீ இரு. உன் கம்பெனியில மட்டும் எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் காத்துட்டு இருப்பல்ல?" அவர் ஜன்னல் பக்கம் போய், கால் கட்டைவிரலால் ஒரு பெருக்கல் குறியைத் தொட்டுக் காட்டினார். "இங்க, எனக்கு வேலை கிடைச்ச கதை. இங்க, உங்கப்பா ஆறு மாசம் என்கூடப் பேசாம இருந்தாரே, அது. இது ரெண்டும், ஆஸ்பத்திரியில குழந்தையை விட்டுட்டுப் போனாளே ஒருத்தி, அவ கதை. அது பெருசு, ரெண்டு கல்லு ஆயிடுச்சு." நடந்து நடந்து நடு அறைக்கு வந்தார். ஒரு குறியின்மேல் நின்றுவிட்டார். "இங்க ஒரு பஸ் கண்டக்டர் கதைய ஆரம்பிச்சேன். முடிக்கல. அதை இப்ப சொல்ல மாட்டேன்."

மச்சான் தன்னையறியாமல் "உம்" என்றார்.

குளியலறைக் கதவுப் பக்கம் இருந்த கடைசிக் கும்பலுக்கு வந்தபோது அந்த அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"இங்கதான் சொன்னேன், இந்த ரூம் எனக்கு வேண்டாம்னு."

"உனக்காகத்தானேம்மா கட்டினோம்! உனக்கு வசதியா இருக்கட்டும்னு..."

"எனக்கு வசதிதான். உனக்கு அதைவிட வசதி. முன்னால இருந்தா யாராவது வருவாங்க, போவாங்க. தெருவுல நாலு மூஞ்சியப் பாப்பேன். இங்க யாருடா வருவா? குழாய் ரிப்பேர்னாத்தான் ஒருத்தன் வருவான்."

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"நீ எங்கடா உக்காந்த?"

வீட்டுக்காரர் கட்டிய கையைப் பிரித்தார். பிரித்த கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

சோதனை ஆள் பேனாவை ஒரு கட்டம் கீழே இறக்கி, வாடிக்கையாளர் குறுக்கீடு என்ற இடத்தில் டிக் போட்டார். "பதினாறு வருஷத்துல இந்தக் கட்டத்துல முதல் டிக் இதுதாங்க" என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். அந்தக் கட்டத்தில் டிக் விழுந்தால் ஒரு சலுகை உண்டாம். காலிக் கல்லையெல்லாம் பெயர்த்துவிட்டு மறுபடி போட்டுக் காட்டலாம். அதுவும் தேறாவிட்டால்தான் பெயர் போகும்.

அடுத்த வாரம் மறுபடி போனோம். இந்தத் தடவை அக்காவே வந்து வாசலில் நிற்கிறேன் என்றாள். வேண்டாம், நீ வந்தால் அந்த அம்மாவும் நீயும் சேர்ந்து வீட்டையே இடிக்க வைத்துவிடுவீர்கள் என்று தடுத்துவிட்டேன். அவசியமும் இருக்கவில்லை. வீட்டுக்காரர் அந்த வாரம் முழுக்க லீவு. முன்னறையில் அம்மாவுக்கு எதிரே நாற்காலி போட்டு, கேட்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். அம்மாவைப் பின்பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் கட்டர் மெஷினைச் சமையலறை வாசலுக்கே கொண்டுவந்து, காவல்காரன் மாதிரி உட்கார்ந்தேன்.

முதல் நாள் காலையிலேயே தெரிந்துவிட்டது, வீட்டுக்காரருக்கு உம் கொட்டத் தெரியாது என்று. போன் கம்பெனிப் பழக்கம், அம்மா ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நாலு "உம்" போட்டுவிடுவார். சீக்கிரம் முடி, அடுத்த கால் காத்திருக்கிறது என்கிற மாதிரி.

"நடுவுல உம் போடாதடா. எனக்கு விட்டுப் போகுது."

"உம்."

"இப்பயும் போடாத."

இரண்டாம் நாள் கொஞ்சம் தேறினார். மூன்றாம் நாள் நான் மெஷினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது முன்னறையில் பஸ் கண்டக்டர் கதை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கண்டக்டர், மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வருவாராம். உடம்புக்கு ஒன்றும் இருக்காது. ஒரு மாதம் கால் வலி என்பார், ஒரு மாதம் காது அடைப்பு என்பார். சீட்டை எழுதி வாங்கிக்கொள்வார், டாக்டரைப் பார்க்காமலே போய்விடுவார்.

"யாரும்மா அந்தக் கண்டக்டர்? அப்பா இரும்புக் கடையிலதானே வேலை பார்த்தாரு?"

"இப்ப உங்கப்பாவப் பத்தி யாரு பேசினா?"

அதற்குப் பிறகு வீட்டுக்காரர் உம் போடவே மறந்துவிட்டார். பின்னறையிலிருந்து சுத்தியல் சத்தமும் வரவில்லை. எனக்கு ஏதோ உறைத்தது. மெதுவாகப் பின்னறையை எட்டிப் பார்த்தேன். மச்சான் கையில் பல் வைத்த கரண்டியோடு மண்டியிட்டிருந்தார். முன்னால் வாரிய பசை. தலை முன்னறைப் பக்கம் சாய்ந்திருந்தது. அங்கே மகன் தவறவிட்ட 'உம்'மையெல்லாம் இவர் இங்கே ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சரியான இடத்தில், மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் மெஷினைப் போட்டேன். அறுக்கக் கல் இல்லை. சும்மாவே ஓடவிட்டேன். கதையின் முடிவு அந்த இரைச்சலில் போனது. மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

வீட்டுக்காரரின் லீவு முடிந்த அன்று சோதனை ஆள் மறுபடி வந்தார், அதே சாக்ஸோடு. மச்சான் சுவரோரம் நின்றார். டொக், டொக், டொக். ஜன்னல் பக்கம் தேறியது. நடு அறை தேறியது. குளியலறைக் கதவு தேறியது. சமையலறை வாசலுக்கு வந்தபோது டொப், பக்கத்திலேயே இன்னொரு டொப். அந்த ஆள் மீதியையும் தட்டி முடித்து நிமிர்ந்தார்.

"எண்பத்து நாலுல ரெண்டு. தேறிடுச்சு. பேரு இருக்கும்."

மச்சான் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் போட்ட தரையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஆனா இந்த ரெண்டு மட்டும் என்ன?" என்று சோதனை ஆள் கேட்டார்.

மச்சான் அசடு வழிந்தார். "கண்டக்டர் கதை சார். முடிவு தெரியாமப் போயிடுச்சு. மெஷின் சத்தத்துல கேக்கல."

அந்த அம்மா என்னை ஒரு முறை முறைத்தார். நாற்காலியை இழுத்துச் சரியாக அந்த இரண்டு காலிக் கல்லுக்கு மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பின்னறை இனி வீட்டுக்காரருக்குத்தான் என்று அந்த வாரமே முடிவாகியிருந்தது. சத்தம் பிடிக்காதவர் பின்னால், சத்தம் பிடித்தவர் முன்னால். யோசித்தால் முதலிலேயே யாருக்கும் தோன்றியிருக்க வேண்டியது.

"ஒருநாள் கேட்டுட்டேன்" என்றார் அந்த அம்மா. "உங்களுக்கு உண்மையில உடம்புக்கு ஒண்ணுமில்லையே, எதுக்கு மாசாமாசம் வர்றீங்கன்னு. அந்தாளு சீட்டைக் கையில வெச்சுட்டு நின்னாரு. 'ஒரு நாளைக்கு அறுநூறு பேரு என்கிட்ட பேசுறாங்கம்மா. எல்லாரும் எந்த ஸ்டாப்புன்னுதான் பேசுறாங்க. உனக்கு என்ன பண்ணுதுன்னு கேக்குறது நீங்க ஒருத்தர்தான்'னாரு."

மச்சான் உம் கொட்டவில்லை. அவரை எனக்குத் தெரிந்த நாளிலிருந்து, உம் வரவேண்டிய இடத்தில் வராமல் போனது அன்றைக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சோதனை ஆள் சாக்பீஸைக் காதில் சொருக மறந்து கையிலேயே வைத்திருந்தார். நான் மெஷின் ஒயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். அதை நானே அப்புறம்தான் கவனித்தேன்.

வீட்டுக்காரர் ஆபீசுக்குக் கிளம்பி, தோளில் பையோடு சமையலறையில் நின்றிருந்தார். பையை இறக்கி வைத்தார். வந்து அம்மாவுக்கு எதிரே, வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, இப்ப உனக்கு என்ன பண்ணுதும்மா?"

"முட்டி வலிக்குது" என்றார் அந்த அம்மா. "அதுலேருந்து ஆரம்பிக்கிறேன்."

வீட்டுக்காரர் காத்திருந்து, சரியான இடத்தில், ஒரே ஒரு "உம்" சொன்னார்.

மச்சான் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. நாற்காலிப் பக்கம் இன்னும் ஒரு சாண் நகர்ந்து வேறு உட்கார்ந்தார். நான் அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் எங்களுக்குப் பசையைக் குழைத்து வைத்திருந்தார்கள்.